ஆப் எதுவும் போடாம விண்டோஸ் டெஸ்க்டாப்ப மாத்துறது: செட்டிங்ஸ்ல காட்டாத இடங்கள்

லேப்டாப் பாக்க அழகா இருக்கணும்னு தீம் பேக், டாஸ்க்பார் ஆப், ஸ்பீட் பூஸ்டர்னு வரிசையா டவுன்லோட் பண்ணிப் போடுறவங்கள நம்ம பினாங்குல நெறைய பாக்குறேன், ஜெலுத்தோங்ல இருக்கிற எங்க அக்கா மகன் கூட "மாமா, இந்த ஆப் போட்டா மெனு வேகமா வருமாம், போடவா?"ன்னு லிங்க் அனுப்பிக்கிட்டே இருப்பான். போடாதடா, அந்த ஆப் உள்ள போயி மாத்துறது ஒரே ஒரு நம்பருதான், அத நீயே மாத்திக்கலாம்னு சொல்லி ஒவ்வொண்ணா காட்டிக் குடுத்தேன். அதத்தான் இங்க எல்லாருக்கும் சேத்து எழுதுறேன், காசு செலவில்ல, இன்ஸ்டால் பண்ண வேண்டியதும் ஒண்ணுமில்ல.

செட்டிங்ஸ் பக்கத்துல விண்டோஸ் நமக்குக் காட்டுறது கொஞ்சம்தான். மெனு எவ்ளோ நேரம் கழிச்சுத் தொறக்கணும், ஐகானுக்கு ஐகான் எவ்ளோ எடைவெளி, ஸ்க்ரோல்பார் எவ்ளோ அகலம், இதெல்லாம் ரெஜிஸ்ட்ரிங்கிற எடத்துல, அதாவது விண்டோஸ் தன் செட்டிங்கெல்லாம் எழுதி வச்சிக்கிற பெரிய பட்டியல்ல, நம்பரா உக்காந்திருக்கு. விண்டோஸ் கீயையும் ஆர் கீயையும் சேத்து அழுத்துங்க, சின்னப் பெட்டி வரும், அதுல ரெஜ்எடிட்னு ஆங்கிலத்துல ஒரே வார்த்தையா டைப் பண்ணி என்டர், எஸ் குடுங்க, ரெஜிஸ்ட்ரிய மாத்துற விண்டோ தொறக்கும். எடது பக்கம் அஞ்சு பெரிய ஃபோல்டர் தெரியும். நமக்கு வேண்டியது ரெண்டாவது மட்டும், ஹெச்கீ கரண்ட் யூசர். இதுல இருக்கிறது உங்க அக்கவுண்டுக்கு மட்டும் உள்ள செட்டிங். அதுக்குக் கீழ இருக்கிற லோக்கல் மெஷின்ல இருக்கிறது மொத்த கம்ப்யூட்டருக்கும் உள்ளது. கரண்ட் யூசர்ல மாத்துறது உங்க ரூம் சுவத்துல ஆணி அடிக்கிற மாதிரி, லோக்கல் மெஷின்ல மாத்துறது மொத்த வீட்டோட மெயின் சுவிட்ச் பெட்டியில கைய விடுற மாதிரி. நான் இங்க சொல்றது எல்லாமே கரண்ட் யூசருக்குள்ளதான், அதுலயும் முக்காவாசி கண்ட்ரோல் பேனல்ங்கிற ஒரே கிளைக்குள்ள முடிஞ்சிரும். டெஸ்க்டாப்ப மாத்த அந்தக் கிளைய தாண்டி வெளிய போக வேண்டிய அவசியம் பெரும்பாலும் வராது, அத நம்புங்க.

கை வைக்கிறதுக்கு முன்னாடி பேக்கப். இத தயவுசெஞ்சு தாண்டிப் போகாதீங்க, ஏன்னா ரெஜ்எடிட்ல சேவ் பட்டன் கெடையாது, அன்டூவும் கெடையாது, ஓகே அழுத்தின அந்த நிமிஷமே எழுதிரும். கண்ட்ரோல் பேனல் ஃபோல்டர் மேல ரைட் கிளிக் பண்ணி எக்ஸ்போர்ட் குடுங்க, தேதி போட்டு ஒரு பேரு வச்சு டாக்குமெண்ட்ஸ்ல சேவ் பண்ணுங்க. ஏதாச்சும் சரியா வரலைன்னா அந்த ஃபைல டபுள் கிளிக் பண்ணா பழைய நம்பரெல்லாம் திரும்ப உள்ள போயிரும். ஆனா ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது, அந்த ஃபைல் ஏற்கெனவே இருந்த நம்பரத்தான் பழசாக்கும், நீங்க புதுசா உருவாக்கின எதையும் அழிக்காது, அத நீங்களே தேடிப் போயி டிலீட் பண்ணணும். அதனால புதுசா எதாச்சும் சேத்தா அதோட பேர ஒரு நோட்பேட்ல எழுதி வச்சிக்கங்க. முடிஞ்சா ஸ்டார்ட் மெனுவுல கிரியேட் எ ரீஸ்டோர் பாயிண்ட்னு தேடி ஒரு ரீஸ்டோர் பாயிண்டும் (விண்டோஸ இப்ப இருக்கிற நெலைக்கே திரும்பக் கொண்டுவர) போட்டு வைங்க, நெறைய லேப்டாப்ல அதுக்கு வேண்டிய சிஸ்டம் புரொடெக்ஷன் ஆஃப்லயே கெடக்கும், சி டிரைவுக்கு ஆன் பண்ணிக்கங்க.

இன்னொண்ணு, ஒரு நேரத்துல ஒரே ஒரு மாத்தம். மாத்துங்க, சைன் அவுட் பண்ணி திரும்ப உள்ள வாங்க, பாருங்க, புடிச்சா வச்சிக்கங்க. ஒரே மூச்சுல ஏழெட்டு மாத்திட்டு அப்புறம் எதனால என்ன ஆச்சுன்னு தேடுறது பெரிய வேதனை லா.

சரி மொதல்ல மெனு வேகம். கரண்ட் யூசர், அதுக்குள்ள கண்ட்ரோல் பேனல், அதுக்குள்ள டெஸ்க்டாப், அத கிளிக் பண்ணா வலது பக்கம் நீளமா ஒரு பட்டியல் வரும், அதுல மெனு ஷோ டிலே, மூணு வார்த்தையும் ஒட்டி எழுதியிருக்கும். அதுல 400ன்னு இருக்கும், அதாவது 400 மில்லிசெகண்ட், நீங்க மெனு மேல மவுஸ வச்சதும் உள்மெனு தொறக்க அவ்ளோ நேரம் காத்திருக்கும். டபுள் கிளிக் பண்ணி 100ன்னு மாத்துங்க. பழைய லேப்டாப்ல இது ஒண்ணே பெரிய வித்தியாசம், மெஷின் உண்மையில வேகமாகலைன்னாலும் கைக்கு வேகமா தெரியும். சிலர் 0 போடச் சொல்வாங்க, எனக்கு அது புடிக்கல, மவுஸ் போற வழியெல்லாம் மெனு படபடன்னு தொறந்துக்கிட்டே இருக்கும், அதுவும் கை கொஞ்சம் நடுங்குற பெரியவங்களுக்கு ரொம்பத் தொல்லை.

அடுத்தது ஐகான் எடைவெளி, தமிழ்ல ஃபோல்டர் பேரு வைக்கிறவங்களுக்கு இது ரொம்ப முக்கியம். "தண்ணீர்மலை தைப்பூசப் படங்கள்"னு பேரு வச்சா டெஸ்க்டாப்ல பாதிதான் தெரியும், மீதி புள்ளி புள்ளியா போயிரும், ஏன்னா நம்ம எழுத்து அகலம், ஐகானுக்குக் கீழ பேருக்குன்னு விட்ட எடம் குறுகல். டெஸ்க்டாப் ஃபோல்டருக்குள்ளயே விண்டோ மெட்ரிக்ஸ்னு ஒரு உள்ஃபோல்டர் இருக்கும், அதுல ஐகான் ஸ்பேசிங்னு இருக்கிறது பக்கவாட்டு எடைவெளி, ஐகான் வெர்டிகல் ஸ்பேசிங்னு இருக்கிறது மேல கீழ. ரெண்டுலயும் -1125ன்னு இருக்கும். மைனஸ்ல ஒரு நம்பர பாத்ததும் பயந்து மூடிராதீங்க, அதுக்குக் கணக்கு இருக்கு. இந்த அளவு பிக்சல்ல இல்ல, ட்விப்னு ஒரு பழைய அச்சு அளவுல இருக்கு, ஒரு இன்ச்சுக்கு 1440 ட்விப், விண்டோஸ் கணக்குல ஒரு இன்ச்சுக்கு 96 பிக்சல், 1440 வகுத்தல் 96 போட்டா 15. அதாவது ஒரு பிக்சலுக்கு 15, முன்னாடி மைனஸ். அப்ப -1125ங்கிறது 75 பிக்சல். உங்களுக்கு 110 பிக்சல் வேணும்னா 110 பெருக்கல் 15, -1650ன்னு போடுங்க. தமிழ்ப் பேருக்கு பக்கவாட்டுல -1500லேர்ந்து -1650 வரைக்கும் நல்லா வரும், நான் வச்சிருக்கிறது -1650. மேல கீழ எடைவெளிய அப்படியே விட்டுருங்க, அதையும் கூட்டினா ஐகானெல்லாம் ஊருக்கு ஒண்ணா செதறிக் கெடக்கும். கம்மி பண்ணணும்னா -480க்குக் கீழ போகாதீங்க, கூட்டினா -2730 வரைக்கும்தான். மைனஸ் குறிய விட்டுட்டு வெறும் நம்பர மட்டும் போட்டுறாதீங்க, கணக்கே மாறிடும்.

அதே விண்டோ மெட்ரிக்ஸ்ல ஸ்க்ரோல் வித்த்னு ஒண்ணு இருக்கு, -255, அதாவது 17 பிக்சல். வீட்டுல அம்மா அப்பா யூஸ் பண்ற லேப்டாப்னா -375 போட்டு 25 பிக்சலாக்குங்க, ஸ்க்ரோல்பார மவுஸ்ல புடிக்கிறது அவங்களுக்கு அவ்ளோ ஈஸியாகும். ஃபைல் எக்ஸ்ப்ளோரர் மாதிரி பழைய பாணி விண்டோவுல இது தெரியும், புது ஸ்டோர் ஆப்கள் தன் போக்குலதான் இருக்கும்.

வால்பேப்பர். இத கொஞ்சம் நிதானமா சொல்லணும். பினாங்கு பிரிட்ஜ்ல சூரியன் எறங்குற நேரம் எடுத்த படம், வானம் ஆரஞ்சுலேர்ந்து ஊதாவுக்கு மெதுவா மாறும், ஃபோன்ல பாத்தா அப்படி இருக்கும், அதையே வால்பேப்பரா போட்டா வானத்துல பட்டை பட்டையா கோடு விழுந்த மாதிரி தெரியும். படத்துல கோளாறு இல்ல. ஜேபெக் படத்த வால்பேப்பரா வச்சதும் விண்டோஸ் அத தன் பங்குக்கு இன்னொரு தடவ சுருக்கி, 85 பெர்சன்ட் குவாலிட்டியில ஒரு நகல் எடுத்து வச்சிக்கும், திரையில காட்டுறது அந்த நகலத்தான். வானம், கடல், சுவரு மாதிரி ஒரே கலரு மெதுவா மாறுற எடத்துலதான் அந்தச் சுருக்கம் கண்ணுக்குத் தெரியும், கூட்டம் நெறைஞ்ச தைப்பூசப் படத்துல தெரியாது.

இத நிறுத்த, கண்ட்ரோல் பேனலுக்குள்ள டெஸ்க்டாப் ஃபோல்டருக்கே திரும்ப வாங்க. இங்க ஒரு பேர நாமளே உருவாக்கணும். வலது பக்கம் காலியா உள்ள எடத்துல ரைட் கிளிக், நியூ, டிவேர்ட் 32 பிட், உங்க விண்டோஸ் 64 பிட்டா இருந்தாலும் இதையேதான் எடுக்கணும். பேரு ஜேபெக் இம்போர்ட் குவாலிட்டி, ஆங்கிலத்துல மூணு வார்த்தையும் நடுவுல ஸ்பேஸ் இல்லாம ஒட்டி எழுதணும், ஜேபெக்குக்கு ஜே, பி, இ, ஜின்னு நாலு எழுத்து. பெரிய எழுத்து சின்ன எழுத்து பத்தி கவலை வேணாம், ரெஜிஸ்ட்ரி அத பாக்காது, ஆனா ஸ்பெல்லிங்ல ஒரு எழுத்து தவறுனா ஒண்ணும் நடக்காது, எர்ரர் கூட காட்டாது. டபுள் கிளிக் பண்ணி, முக்கியமா வலது பக்கம் டெசிமல்ங்கிறத மொதல்ல தேர்ந்தெடுத்துட்டு அப்புறம் 100 போடுங்க. டெசிமல் (நம்ம வழக்கமான எண்முறை) எடுக்காம ஹெக்ஸ்லயே (16 அடிப்படையில எண்ணுற முறை) 100ன்னு அடிச்சா அது 256 ஆயிரும், இந்தச் செட்டிங் ஏத்துக்கிறது 60லேர்ந்து 100 வரைக்கும்தான். பண்ணிட்டு சைன் அவுட் பண்ணி உள்ள வந்து ஒரிஜினல் படத்தையே திரும்ப ஒரு தடவ வால்பேப்பரா செட் பண்ணுங்க, இல்லைன்னா பழைய நகலே நிக்கும். ஃபேமிலி குரூப்ல வாட்ஸ்அப்ல வந்த படத்த போடாதீங்க, அது வரும்போதே சுருங்கித்தான் வந்திருக்கும், எடுத்தவங்ககிட்ட ஒரிஜினல டாக்குமெண்டா அனுப்பச் சொல்லுங்க.

கலர் விளையாட்டு வேணும்னா கண்ட்ரோல் பேனல் கிளையிலயே கலர்ஸ்னு ஒரு ஃபோல்டர் இருக்கு. டெஸ்க்டாப்ல மவுஸ இழுத்தா நீலமா ஒரு பெட்டி வருதில்ல, அதோட ஓரம் ஹைலைட்ங்கிற பேருல இருக்கு (ஆங்கிலத்துல வழக்கமான ஸ்பெல்லிங் இல்ல, மொதல்ல வர்ற ஜி ஹெச் மட்டும் இல்லாம எழுதியிருப்பாங்க), உள்கலரு ஹாட் டிராக்கிங் கலர்ங்கிறதுல. ஹைலைட்ல 0 120 215ன்னு மூணு நம்பரு, செவப்பு, பச்சை, நீலம்னு அந்த வரிசையில, ஒவ்வொண்ணும் 0லேர்ந்து 255 வரைக்கும். குங்குமக் கலரு வேணும்னா 150 20 30 போட்டுப் பாருங்க. ஆனா வெளிர் மஞ்சள் மாதிரி எதையும் போடாதீங்க, ஏன்னா எழுத்த செலக்ட் பண்றப்ப பின்னாடி வர்ற கலரும் இதுதான், மேல எழுத்து வெள்ளையா இருக்கும், வெளிர் கலர்ல ஒண்ணும் படிக்க முடியாது. தீம் மாத்துனா இந்தக் கலரெல்லாம் பழசுக்கே போயிரும், அதனால மொதல்ல தீம முடிவு பண்ணிட்டு அப்புறம் இதுக்கு வாங்க.

வெளியூர்ல இருக்கிற அப்பா அம்மாவுக்கு ஃபோன்லயே கம்ப்யூட்டர் உதவி பண்றவங்களுக்கு ஒண்ணு. டெஸ்க்டாப் ஃபோல்டர்ல பெயின்ட் டெஸ்க்டாப் வெர்ஷன்னு ஏற்கெனவே இருக்கும், 0வ 1 ஆக்குங்க. அதுக்கப்புறம் திரையோட வலது கீழ் மூலையில விண்டோஸ் எந்த வெர்ஷன்னு சின்ன எழுத்துல நிக்கும், "என்ன விண்டோஸ் போட்டிருக்கு?"ன்னு கேட்டா அவங்க அப்படியே படிச்சுச் சொல்லிருவாங்க. விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் சப்போர்ட் 2025 அக்டோபர் 14ஓட முடிஞ்சதால யாரு இன்னும் பழசுல இருக்காங்கன்னு தெரிஞ்சிக்கவும் இது உதவும்.

இப்ப எனக்கு ரொம்பப் புடிச்சது, டாஸ்க்பார் கடிகாரத்துல தமிழ்க் கிழமை. இதுக்கு ரெஜ்எடிட் கூட வேணாம், மூணு நாலு கிளிக்குக்கு உள்ள ஒளிஞ்சிருக்கிறதால யாரும் போய்ப் பாக்குறதில்ல. செட்டிங்ஸ்ல டைம் அண்ட் லேங்குவேஜ், அதுல ரீஜனல் ஃபார்மட், பட்டியல்ல தமிழ்னு தேடி மலேசியா போட்டத எடுங்க. இந்தியா போட்டத எடுத்தா எக்செல்ல கமாவெல்லாம் லட்சக் கணக்குல விழும், பணத்துக்கு ரூபாய் குறி வரும், ரிங்கிட்ல கணக்கு எழுதுற நமக்கு அது ஒத்து வராது. அப்புறம் விண்டோஸ் கீ, ஆர் அழுத்தி கண்ட்ரோல்னு அடிச்சு பழைய கண்ட்ரோல் பேனல தொறந்து ரீஜனுக்குப் போயி, அடிஷனல் செட்டிங்ஸ், டேட் டேபுக்கு வாங்க. ஷார்ட் டேட்னு இருக்கிற எடத்துல ஆங்கிலச் சின்ன எழுத்து டி நாலு தடவ அடிச்சு, ஒரு கமா, ஒரு ஸ்பேஸ், அதுக்கப்புறம் ஏற்கெனவே இருந்த தேதி வடிவத்த அழிக்காம அப்படியே விட்டுருங்க. நாலு டின்னா கிழமையோட முழுப்பேரு, மூணு டின்னா சுருக்கப்பேரு. அப்ளை குடுத்ததும் கீழ கடிகாரத்துக்குப் பக்கத்துல கிழமை தமிழ்லயே நிக்கும். தேதிய ஆங்கிலத்துல எதிர்பாக்குற பழைய அக்கவுண்ட்ஸ் சாஃப்ட்வேர் ஏதாச்சும் இருந்தா மட்டும் போட்டுட்டு ஒரு தடவ தொறந்து சரியா ஓடுதான்னு பாத்துக்கங்க.

அதே சூட்டுல டெஸ்க்டாப் ஐகான் பேரையும் தமிழாக்கலாம், திஸ் பிசி, ரீசைக்கிள் பின் ரெண்டுமே எஃப்2 அழுத்தினா பேரு மாத்த விடும். டைப் பண்ண தனியா ஆப் வேணாம், விண்டோஸ்லயே தமிழ் 99, தமிழ் அஞ்சல் ரெண்டு கீபோர்டும் இருக்கு. அந்த அஞ்சல் முறை நம்ம மலேசியாக்காரர் முத்து நெடுமாறன் 1985ல ஆரம்பிச்ச முரசு அஞ்சல்லேர்ந்து வந்தது. நம்ம ஊருல பொறந்த ஒரு வேலை இன்னிக்கு விண்டோஸ்குள்ளயே இருக்கு, அத ஆன் பண்ணாம ஆங்கில எழுத்துலயே தமிழ் அடிச்சிக்கிட்டு இருக்கிறது எனக்கு உண்மையிலேயே வருத்தமா இருக்கும்.

விண்டோஸ் 11காரங்களுக்கு ரெண்டு வார்த்தை. ரைட் கிளிக் மெனுவ சுருக்கிட்டாங்கன்னு எல்லாரும் ரெஜிஸ்ட்ரியில ஏதேதோ நீள நம்பரத் தேடுறாங்க, ஷிஃப்ட்ட புடிச்சிக்கிட்டு ரைட் கிளிக் பண்ணுங்க, பழைய முழு மெனு நேரா வந்துரும். கடிகாரத்துல செகண்ட் வேணும்னா விண்டோஸ் 10ல ரெஜிஸ்ட்ரி வழிதான் இருந்துச்சு, 11ல இப்ப டாஸ்க்பார் செட்டிங்ஸ்லயே அதுக்கு டிக் இருக்கு, பேட்டரி கூடுதலா செலவாகும்னு அதுலயே எழுதியிருக்கும். டாஸ்க்பார சின்னதாக்க டாஸ்க்பார் எஸ்ஐன்னு ஒரு நம்பர சேக்கச் சொல்ற வீடியோ இன்னும் சுத்திக்கிட்டு இருக்கு, அது விண்டோஸ் 11 முதல்ல வந்தப்ப வேலை செஞ்சுச்சு, பின்னாடி வந்த அப்டேட்ல செத்துப் போச்சு. ஒளிஞ்சிருக்கிற செட்டிங்னா இப்படித்தான், மைக்ரோசாஃப்ட் எப்ப வேணாலும் எடுத்துரும். கண்ட்ரோல் பேனல் கிளையில இருக்கிறது பெரும்பாலும் ரொம்பப் பழசு, அதனாலதான் அதுல எனக்கு நம்பிக்கை அதிகம்.

தொடக் கூடாதது. நெட்ல டவுன்லோட் பண்ண ரெஜ் ஃபைல (நாம எக்ஸ்போர்ட் பண்ணோமே, அந்த வகை ஃபைல்) டபுள் கிளிக் பண்ணவே பண்ணாதீங்க, மொதல்ல ரைட் கிளிக், எடிட் குடுத்து நோட்பேட்ல தொறந்து படிங்க. சதுர அடைப்புக்குறிக்குள்ள மொத எழுத்தே மைனஸா இருந்தா அந்த ஃபோல்டரையே மொத்தமா அழிக்கப் போகுதுன்னு அர்த்தம். லோக்கல் மெஷின்னு வரி இருந்தா, டெஸ்க்டாப் அழகுக்கு இது எதுக்குன்னு கேளுங்க, பதில் தெரியலைன்னா மூடிருங்க. சிஸ்டம் ஃபாண்ட மாத்துறேன்னு லோக்கல் மெஷினுக்குள்ள போறவங்க பல பேரு, தமிழ் எழுத்துக்கு விண்டோஸ் யூஸ் பண்ற நிர்மலா ஃபாண்ட்டையும் சேத்து கெடுத்துட்டா தமிழ் தெரியிற எடமெல்லாம் கட்டம் கட்டமா நிக்கும். ரெஜிஸ்ட்ரி கிளீனர் ஆப் எதுவும் வேணாம், அந்த மாதிரி கிளீனர்கள தாங்க ஆதரிக்கலைன்னு மைக்ரோசாஃப்ட்டே சொல்லியிருக்கு. பாயான் லெப்பாஸ் பக்கம் கம்பெனியில வேலை செய்யிறவங்க ஆபீஸ் லேப்டாப்ல இது எதையும் பண்ணாதீங்க, பல எடத்துல ஐடி டிபார்ட்மெண்ட் ரெஜ்எடிட்டையே பூட்டி வச்சிருப்பாங்க, பூட்டலைன்னாலும் அது உங்க மெஷின் இல்ல.

பெரிய அப்டேட் ஒண்ணு வந்து முடிஞ்சதும், இல்ல டிஸ்ப்ளே ஸ்கேலிங்க 125, 150னு மாத்துனதும், ஐகான் எடைவெளியும் ஸ்க்ரோல்பாரும் பழசுக்குப் போயிருக்கான்னு ஒரு பார்வை பாருங்க, போயிருந்தா நோட்பேட்ல எழுதி வச்ச நம்பர திரும்பப் போட்டு சைன் அவுட் பண்ணா போதும். எல்லாம் உங்களுக்குப் புடிச்ச மாதிரி அமைஞ்ச அன்னிக்கு கண்ட்ரோல் பேனல் கிளைய இன்னொரு தடவ வேற பேருல எக்ஸ்போர்ட் பண்ணி, மொத எடுத்ததோட சேத்து ஒரு பென் டிரைவ்ல போட்டு வைங்க, அப்ப லேப்டாப்ப ஃபார்மட் பண்ண வேண்டி வந்தாலும் நம்பரெல்லாம் கையில இருக்கும், ஒவ்வொண்ணையும் முதல்லேர்ந்து தேடிக்கிட்டு இருக்க வேணாம்.